நிதிஷ் குடியிருக்கும் மாடி வீடு

திருவொற்றியூரில் கன்னியம்மாவின் மாடி வீட்டில் இப்போது எந்தச் சத்தமும் கேட்பதில்லை. இது தொடங்கியது சென்ற ஆண்டு ஆடி இரண்டாம் வெள்ளி. மூன்றாவதாகவும் இருக்கலாம், கிழமையில் ஐயமில்லை. குடும்பத்துக்குத்தான் வாடகைக்கு விடுவேன் என்பது கன்னியம்மாவின் கண்டிப்பு. காசிமேட்டில் மீன் ஏலம் கூறும் நீலா தனி ஆள். வீடு கிடைக்க வேண்டுமே என்று, கணவன் பெயர் நிதிஷ், காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை என்று சொல்லிவைத்தாள். அப்படி ஒருவன் கிடையாது. குட்டியானை வண்டியில் அவள் பீரோவைக் கொண்டுவந்த பொன்னுரங்கத்தைப் பார்த்து, “நீதான் நிதிஷா? பொண்டாட்டி மூட்ட தூக்கினுகீது, நீ இன்னா மாப்ள வேடிக்க பாத்துகினு நிக்கிற?” என்று கன்னியம்மா அதட்டினாள். நீலா கண்ணால் கெஞ்சினாள். “நான்தாம்மா” என்றான். பீரோ கைநழுவிப் படிகளில் உருண்டது. ஒலி எழவில்லை.

சந்தேகம் வராதிருக்க அவன் தினமும் மாலையில் முன்வாசல் வழியாக வந்து, பின்பக்கக் குழாயைப் பிடித்து இறங்கிப்போனான். இருமுறை விழுந்தான், ஓசையில்லாமல். நிதிஷ் என்ற பெயருக்கு அவன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் வீட்டில் ஒரு சத்தம் குறைந்தது: குக்கர் விசில், மின்விசிறி, அழைப்பு மணி. ஐப்பசியில் வியாசர்பாடியில் அவன் அம்மா கதவைத் திறந்து, “யாருப்பா நீ, இன்னா வோணும்?” என்று கேட்டாள். அன்றிலிருந்து நீலாவின் வராந்தாவில் படுத்தான். அதைத் தாண்டி உள்ளே போனதில்லை.

தை மாதம் ஏலத்தில் நீலாவின் குரல் கம்மியது. குரல்தான் அவள் பிழைப்பு. வீடு போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்லக் கன்னியம்மாவிடம் போனாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பொன்னுரங்கத்தைக் காட்டினாள், இல்லை என்று கையாட்டினாள், தொண்டையைப் பிடித்துக் குனிந்தாள். “அடிப்பாவி, வாந்தியா? எத்தினி மாசம்?” என்று கன்னியம்மா மாங்காய் நறுக்கப் போனாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்தது. மறுவாரம் வயிறு தெரிய ஆரம்பித்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அடுக்கிய வளையல்கள் ஒலிக்கவில்லை. அப்போது வயிற்றுக்குள்ளிருந்து நீலாவின் பழைய குரல் கணீரென்று கூவியது: “வஞ்சிரம், வஞ்சிரம்! வா நைனா, பாத்துட்டுப் போ!” பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கொயந்த இப்பவே தொழில் கத்துக்கிச்சு” என்று கன்னியம்மா சந்தனத்தைப் பூசினாள்.

மறுநாள் விடியலில் காசிமேட்டு வியாபாரிகள் நீலாவின் வயிற்றருகே காதை வைத்து ஏலம் கேட்டார்கள். பக்கத்தில் கூடை பிடித்து நின்றவனிடம் ஒருவர் பெயர் கேட்டார். பொன்னுரங்கம் என்று அவன் உதடுகள் அசைந்தன. நிதிஷ் என்று அவர் எழுதிக்கொண்டார்.