லிஃப்ட் மெக்கானிக் அரைத்த கடலை

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் அரைத்த ஹம்மஸ் என்கிற கொண்டைக்கடலை விழுது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மிக்ஸி ஜாரைவிட்டு எழும்பிச் சமையலறைக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அன்று காற்று இல்லை. ஆகவே காற்றின்மேல் பழிபோட வழியில்லை.

அவர் வேலை பார்த்த கம்பெனி மூடியதும் மனைவி பஸ் ஓட்டப் போனாள். அடுப்படி அவர் கைக்கு வந்தது. முழங்கால் போய் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்ட மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. பல்லும் பாதி போய்விட்டதால் அவர் ஆசையாகச் சாப்பிடுவது ஹம்மஸ் ஒன்றுதான். பேத்திகளுக்கும் அதேதான். கடை டப்பா எதற்கு, வீட்டிலேயே அரைத்துவிடுகிறேன் என்று மெக்கானிக் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். முதல் ஞாயிறு அரைத்தது ஜல்லி மாதிரி கடகடத்தது. அடுத்த ஞாயிறு அரைத்ததை மாமியார் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது சாப்பிடவா, சுவத்துல பூசவா?"

அதோடு விடவில்லை. வரும் ஞாயிறும் இப்படியென்றால் பெரிய மகளை வரவழைத்து அடுப்படியை அவளிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பெரியவள் வந்தால் போகமாட்டாள் என்பது அந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். மெக்கானிக்குக்கு அந்த வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. லிஃப்டும் போய் அடுப்படியும் போனால், மனுஷன் எங்கேதான் நிற்பது?

சனிக்கிழமை கடலையை ஊறப்போட்டார். மறுநாள் சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவிட்டார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு கடலையாகத் தோலை உரிக்க ஆரம்பித்தார். காலை டியூட்டி முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, கடலைக்கெல்லாம் சட்டை கழட்டிக்கிட்டா இருக்கீங்க?"

"தோல்தான் இழுத்துப் பிடிக்குது. பாரம் குறைஞ்சாத்தான் வண்டி ஏறும்."

எள்ளு விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஐஸ் கட்டி எல்லாம் சேர்த்து ஓடவிட்டார். வேறு யாராயிருந்தாலும் வெண்ணெய் பதம் வந்ததும் நிறுத்தியிருப்பார்கள். மெக்கானிக்கோ, உதறல் கொஞ்சமும் இல்லாமல் ஓடும்வரை எந்த மோட்டாரையும் நிறுத்திப் பழகாதவர். ஓடவிட்டார், ஓடவிட்டார், கடைசியில் ஜாருக்குள் எதுவுமே இல்லாததுபோல மிக்ஸி சத்தமின்றிச் சுற்றியது. மூடியைத் திறந்தார். அது பாட்டுக்கு மேலே போய்விட்டது.

கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு மாமியார் நிதானமாகச் சொன்னார்: "சாப்பாட்டத் தட்டுல வைக்கிறதுதான் மாப்பிள்ளை எங்க வழக்கம்." சொல்லிக்கொண்டே பெரியவளுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கும் நேரத்துக்குள் மெக்கானிக் ஏணியில் ஏறி, ரொட்டித் துண்டால் ஒரு வழி வழித்து, பறந்துவிடாமல் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு இறங்கிவந்தார். "அத்தை, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சி ஊட்டிவிட்டார்.

மாமியார் மென்றார். பிறகு நாற்காலி மட்டும் கீழே இருந்தது. செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அம்மா, இறங்கு என்று மகள் பதறியதை அவர் காதில் வாங்கவில்லை. முகத்துக்கு நேரே ஹம்மஸ் பரந்து கிடந்தது. ரொட்டி கேட்டுக் கையை மட்டும் கீழே நீட்டினார். மகள் கொடுத்தாள். ஒரு வழி வழித்தார், இன்னொரு வழி வழித்தார். மெக்கானிக் ஏணியைப் பிடித்தபடி நின்றார். அப்போதுதான் போனில் பெரியவளின் குரல் கேட்டது, என்னம்மா விஷயம் என்று.

"ஒண்ணுமில்லடி. இங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். நீ உன் வீட்டப் பாரு."

மெக்கானிக் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பேத்திகள் அதற்குள் ஆளுக்கொரு வாய் போட்டுக்கொண்டு பாட்டிக்கு இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மேலேதான். பல்பு முதுகைச் சுடும் என்பதால் அதை மட்டும் அணைத்துவிடுவார்கள். செரித்ததும் தானாக இறங்கிவிடலாம். தன் தரைக்கடியில் யாரோ அரட்டை அடிப்பதாக மாடிவீட்டுக்காரர் புகார் சொன்னார்; ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்; புகார் அடுத்த மாடிக்குப் போயிற்று. மொட்டை மாடியில் குடியிருப்பவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பெரியவள் சில வருஷம் கழித்து விருந்தாளியாக வந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே மேலே போனாள். மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.