டிரைவர் தட்டு

டிப்போ டாக்டர் வார்த்தைகளை அளந்து செலவழிக்கிறவர். டிரைவரின் ரத்தப் பரிசோதனை முடிவை ஒரு தரம் பார்த்தார். சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த வயிற்றை ஒரு தரம் பார்த்தார்.

“கொழுப்பு, சர்க்கரை, பிரஷர், மூணும் மேல நிக்குது. மூணு மாசம் டைம் தர்றேன். அது இறங்கணும். இல்லேன்னா நீங்க வண்டிய விட்டு இறங்கணும்.”

“மாத்திரை போட்டா சரியாயிடாதா டாக்டர்?”

“மாத்திரையும் போடுங்க. ஆனா கோழி, கறி, மீன், முட்டை, பால் எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுடுங்க. மண்ணுல முளைக்கிறத மட்டும் சாப்பிடுங்க. அதையும் எண்ணெயில குளிப்பாட்டாம.”

வண்டியை விட்டு இறங்கிய டிரைவர்களை என்ன செய்வார்கள் என்று டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். பின்புறம் டயர் கிடங்கு இருக்கிறது. அங்கே ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். சம்பளத்தில் பெரிய குறை இருக்காது. உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அங்கே போனவர்கள் சும்மா இருக்க முடியாமல் டிப்போ வாசலுக்கு வந்து, யாரும் கேட்காமலே வெளியே போகிற வண்டிகளுக்கு “வரலாம், வரலாம்” என்று கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்தாலே நம் டிரைவருக்குக் குலை நடுங்கியது. நாற்பது பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதைத் தவிர உலகத்தில் வேறு எதன் மேலும் அவருக்கு அவ்வளவு ஆசை கிடையாது. மனைவி மேல் உண்டு, ஆனால் அதை அவளிடம் சொன்னதில்லை.

வீட்டில் அன்றைக்கே ஆட்சி மாறியது. மனைவி குளிர்சாதனப் பெட்டியிலிருந்த முட்டைகளையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தாள்.

“மூணு மாசம்தானே?” என்றார் டிரைவர், பரிதாபமாக.

“அது டாக்டர் கணக்கு. என் கணக்கு ஆயுசுக்கும்.”

சொன்னது போலவே செய்தாள். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பயறு, ஒரு நாள் பூசணியும் பட்டாணியும். தவிடு போகாத அரிசி, கீரை தினமும். முதல் வாரம் அவருடைய வயிறு செய்த ஆர்ப்பாட்டத்தைப் பயணிகளிடமிருந்து மறைத்துக் காப்பாற்றியது எஞ்சின் சத்தம்தான். பயறை நன்றாக ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்க வேண்டும் என்று மனைவி யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நாட்டில் அமைதி திரும்பியது.

மற்றதெல்லாம் போகப் போகப் பழகியது. பால் இல்லாத டீதான் கடைசி வரை முரண்டு பிடித்தது. எலுமிச்சை பிழிந்து குடித்தார், இஞ்சி போட்டுக் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பசி வந்தால்தான் புத்தி கெடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய வேர்க்கடலையும் இரண்டு பழமும் வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் சட்டைப் பொத்தான்கள் சண்டையை நிறுத்தின. படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. இதையெல்லாம் அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் மற்ற டிரைவர்கள் வண்டி முன்னால் புல்லுக்கட்டு வைத்துவிடுவார்கள் என்று பயம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் கண்டக்டர். மனைவியின் தம்பி. எப்போது கேட்டாலும் ‘சில்லறை இல்லை’ என்று சொல்லிச் சொல்லிச் ‘சில்லறை’ என்பதே அவன் பெயராகிவிட்டது. அக்கா அவனைத்தான் காவலுக்கு வைத்திருந்தாள்.

“டேய், இவரு வாய்க்குள்ள என்ன போகுதுன்னு நீதான் பாக்கணும்.”

“நான் பாத்துக்கறேன்க்கா” என்றான் சில்லறை. பாலுக்குப் பூனை காவல்.

சிக்கல் வந்தது மதியச் சாப்பாட்டில். பாதி வழியில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஹோட்டல். பஸ் அங்கேதான் நிற்கும். வண்டியை அங்கே நிறுத்துகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். எல்லா நெடுஞ்சாலையிலும் உள்ள வழக்கம்தான். இந்த ஹோட்டல் முதலாளி மட்டும் கொஞ்சம் விவரமானவர். மற்ற இடங்களில் டிரைவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள். இவர் வாசலுக்கு நேர் எதிரே, இறங்கி வருகிற அத்தனை பேரும் பார்க்கிற மேஜையில் உட்காரவைத்து, தட்டு நிறையப் பொரித்த கோழியை வைப்பார். டிரைவர் சாப்பிடுகிற இடத்தில் தைரியமாகச் சாப்பிடலாம் என்பது பயணிகளின் நம்பிக்கை. நூறு விளம்பரப் பலகைக்கு அந்த ஒரு தட்டு சமம்.

அந்த மேஜையில் டிரைவர் தன் டப்பாவைத் திறந்து பயறும் கீரையும் சாப்பிட ஆரம்பித்தார். இறங்கி வந்தவர்கள் பார்த்தார்கள்.

“ஏங்க, டிரைவரே வீட்டுச் சோறு கட்டிக்கிட்டு வந்திருக்காரு பாருங்க.”

“அப்ப இங்க என்னமோ இருக்கு. பிஸ்கட் வாங்கிக்குவோம்.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டே வாரத்தில் ஹோட்டலில் கோழி தேங்க ஆரம்பித்தது. முதலாளி வந்து எதிரே உட்கார்ந்தார். உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

“அண்ணே, என் மேல என்ன கோபம்? வேற ஹோட்டலுக்கு வண்டிய மாத்தப் போறீங்களா? நேரா சொல்லிடுங்க.”

டிரைவர் தன் உடம்பு விஷயத்தைச் சொன்னார். முதலாளி முகத்தில் உயிர் வந்தது.

“அவ்வளவுதானே! ஒண்ணு பண்ணுங்க. தட்டு இங்க இருக்கட்டும். நீங்க முன்னால உக்காந்தா போதும், தொட வேண்டாம். எல்லாரும் ஆர்டர் பண்ணதும் உள்ள கிச்சனுக்கு வாங்க. காய்கறி, பயறு எல்லாம் உங்களுக்குன்னு தனியா சுடச்சுட வேகவெச்சுத் தரச் சொல்றேன். எண்ணெய் ஒரு சொட்டு இருக்காது.”

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். டிரைவருக்குத் தாட்சண்யமும் இருந்தது, ஆறிப்போன பயறின் மேல் அலுப்பும் இருந்தது. வழியில் தினமும் சூடான காய்கறி கிடைத்தால் மூன்று மாதத்தையும் தாண்டிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்? தலையாட்டினார்.

அதிலிருந்து தினமும் அந்த நாடகம் நடந்தது. டிரைவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு துண்டைக் கையில் எடுப்பார், பிய்ப்பார், வைப்பார், தண்ணீர் குடிப்பார். எதிரே சில்லறை. துண்டுகள் ஒவ்வொன்றாக மேஜையின் அந்தக் கரைக்குக் குடிபோகும். எலும்புகள் மட்டும் நியாயமாக டிரைவர் தட்டுக்கே திரும்பி வரும். சில்லறைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மாமா இறங்க இறங்க அவன் ஏறினான்.

முதல் பத்து நாள் டிரைவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். விரலில் ஒட்டியிருக்கிற பொரித்த மாவை நக்கிவிடலாமா என்று கை தானாக வாய்க்குப் போகும். எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவார். பிறகு நாக்கு வழிக்கு வந்தது. நாக்குக்குப் பின்னால் மூக்கும் மாறியது. இரண்டாம் மாதத்தில், முன்பு வாசனையாக இருந்தது வாடையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கறி வதக்கினால் ஜன்னலைச் சாத்தினார். நல்ல கோழி, நேற்றைய கோழி என்ற பேதமெல்லாம் போய், எல்லாக் கோழியும் ஒரே நாற்றமாக நாறியது.

மூன்று மாதம் முடிந்த அன்று காலை டாக்டர் புது முடிவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்ன பண்ணுனீங்க?”

“நீங்க சொன்னதத்தான் டாக்டர்.”

“நான் எல்லார்கிட்டயும்தான் சொல்றேன். யாரு கேக்குறா? போங்க, வண்டிய எடுங்க.”

அன்றைக்கு டிரைவர் வண்டியை ஓட்டவில்லை, தாலாட்டினார். முந்த நினைத்தவனுக்கெல்லாம் வழி விட்டார். ஹோட்டலில் இறங்கும்போது மனசு நிறைந்திருந்தது. அன்று கூட்டம் அதிகம், ஹோட்டலுக்குள் வெக்கை. காலையிலிருந்து கரண்ட் இல்லை என்று சர்வர்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். தட்டு வந்தது.

வாடை வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. மூக்குக்குள் ஏதோ புளித்தது போல இருந்தது. டிரைவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். ‘நம்ம மூக்கு இப்ப ரொம்பத்தான் சுத்தமாயிடுச்சு’ என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எதிரே சில்லறை ஒரு துண்டை முடித்துவிட்டு, “மாமா, இன்னைக்குக் காரம் தூக்கல்” என்று விரலைச் சப்பினான்.

ஒரு பெண் இடுப்பில் சின்ன மகளோடு மேஜைப் பக்கம் வந்து நின்றாள். முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவள். குழந்தை வழி முழுக்கக் கண்ணாடியில் டிரைவருக்கு முகம் காட்டிக்கொண்டே வந்திருந்தது.

“அண்ணே, கோழி நல்லாருக்கா? புள்ளைக்குக் குடுக்கலாமா?”

கையில் பிய்த்த துண்டு. பக்கத்து மேஜையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்தார். டிரைவர் சிரித்த முகமாகத் தலையாட்டினார்.

பஸ் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் காலை டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய பயணிகளில் பாதிப் பேர் இரண்டு வார்டுகளில் படுத்திருந்தார்கள். சில்லறை ஜன்னலோரக் கட்டிலில் வாடிய கீரையாகக் கிடந்தான். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“மாமா, வெளிய மேனேஜரும் ஹோட்டல்காரரும் நிக்கிறாங்க. நீ ஒண்ணும் பேசாத. வாயக் கட்டுறதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே.” சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி ஓங்கரித்தான். டிரைவர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவன் தின்றது தனக்கு வைத்த தட்டு.

வராந்தாவில் முதலாளி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அதே சட்டியிலதான் டிரைவர் அண்ணனும் சாப்பிட்டாரு. அத்தன பேரும் பாத்தாங்க. அவரு கல்லு மாதிரி நிக்கிறாரே! வேற எங்கயோ தின்னுட்டு என் தலையில கட்டுறாங்க.”

டிப்போ மேனேஜர் டிரைவரைப் பார்த்ததும் தனியாக ஒதுக்கிக் கூட்டிப்போனார். கெட்டவர் இல்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்.

“நீங்க சாப்பிட்டீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அவ்வளவுதானே? ஆமான்னு சொன்னா விஷயம் இதோட முடிஞ்சுடும். நேத்துத்தான் டாக்டர் உங்களப் பத்திப் பெருமையா சொன்னாரு. ஹோட்டல்காரன்கிட்ட எதையாவது வாங்கிக்கிட்டுப் பயணிகள ஏமாத்துற ஆளுங்களத்தான் நான் வண்டியில வெக்கிறதில்ல. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல. சாப்பிட்டீங்கதானே?”

திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. மூன்று மாதம் நாக்கைக் கட்டி, விரலைக் கழுவி, பால் இல்லாத டீயைக் குடித்து மீட்ட வண்டி. ‘ஆமாம்’ என்றால் அது அவருடையது. பொய்கூடப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் சொன்ன பொய்யை இன்னொரு தரம் சொன்னால் போதும். வாயைத் திறந்தார்.

அதற்குள் வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். டிரைவரைக் கண்டதும் வேகமாகக் கிட்டே வந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தார்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? நீங்களும் அதைத்தானே சாப்பிட்டீங்க. ராத்திரி பூரா உங்க நெனப்புதான். எங்களையெல்லாம் எறக்கிவிட்டுட்டு அந்த மனுசன் தனியா எங்க கெடந்து கஷ்டப்படுறாரோன்னு.”

“பாப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?”

“இப்பத்தான் கண்ணத் தொறந்துச்சு. தண்ணி கேட்டுச்சு. நீங்க டாக்டரப் பாத்தீங்களா இல்லையா?”

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். நாலடி தள்ளிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் கண்கள் கெஞ்சின.

“நான் சாப்பிடலம்மா” என்றார். “மூணு மாசமா நான் கறி தொடுறதில்ல. காய்கறி, பயறுதான், அதையும் ஹோட்டல் கிச்சன்லயே எனக்குன்னு தனியா வேகவெச்சுக் குடுத்தாங்க. தட்டு சும்மா முன்னால வெச்சிருந்தது. நேத்து நாத்தம் வந்துச்சு. என் மூக்குதான் மாறிப்போச்சுன்னு நெனச்சுட்டேன்.”

முதலாளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கையை நீட்டினார். டிரைவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

சாவி எதற்குக் கை மாறுகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் வேறு எதையோ புரிந்துகொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இன்னும் வரவில்லை.

“அப்ப நான் கேட்டப்ப, நான் காய்கறிதாம்மா சாப்பிடுறேன்னு சொல்லிருக்கலாமேண்ணே. நானும் புள்ளைக்கு ரெண்டு வாழப்பழம் வாங்கிக் குடுத்திருப்பேனே.”