குரங்கு இல்லாத புத்தகம்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் தங்கை அதீபாவின் பெட்டியில் வைக்க, ரஹ்மத் அந்தப் பழைய ஜெர்மன் சிறுவர் கதைப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். தமிழில் வந்த புத்தகம். சின்ன வயதில், தென்காசியில் சாரல் பிடித்தால் போதும், எழுத்துக்கூட்டத் தெரியாத அதீபா அதைத் தூக்கிக்கொண்டு அக்காள் மடியில் ஏறிவிடுவாள்.

கொடுக்கும் முன் ஒருதரம் வாசிப்போமே என்று உட்கார்ந்தவளுக்குக் கடைசிப் பக்கத்தில் எரிச்சல் வந்தது. கடிகாரக்காரர் மகளின் சிவப்புத் தொப்பியைப் பனிக்காற்று கொண்டுபோகிறது. அவள் அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் இப்படியா முடிப்பார்? மரத்திலிருந்து தொப்பியைத் திருப்பி வீசுமே, அந்தக் குரங்கு எங்கே? பக்கம் கிழிந்திருக்குமோ என்று புரட்டிப் பார்த்தாள். கிழியவில்லை.

பிறகுதான் உறைத்தது. பனியில் குரங்கு ஏது? அது குற்றாலத்துக் குரங்கு. தொப்பி போனதும் அதீபா தேம்பியதால், மெயினருவியில் பையைப் பிடுங்கும் குரங்கை வாசித்துக் காட்டிய இவளே கதைக்குள் ஏற்றி, வாழைப்பழம் கொடுத்துத் தொப்பியை வாங்கியிருந்தாள். சொல்லிச் சொல்லி, அச்சில் இருப்பதாகவே நம்பிவிட்டாள்.

"ஏட்டி, இதுல குரங்கே இல்லியே!"

துணி மடித்துக்கொண்டிருந்த அதீபா நிமிரவில்லை. "அது ரெண்டாங்கிளாஸ்லயே தெரியும் லாத்தா. தனியா வாசிச்சுப் பாத்தேன், குரங்கு வரல. அதான் பெறவும் உங்கிட்டயே கொண்டாந்தேன்."

அக்காள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிய அதீபா, பெட்டியில் வைக்காமல் அவளிடமே திருப்பி நீட்டினாள். "இது இங்கனயே இருக்கட்டும். அங்கன பனி பெய்யுத அன்னைக்குப் போன் பண்ணுதேன். நீ வாசி."