வாழைக்கு மிச்சமிருந்த முடிச்சு

வாழைக்குப் புடவை நிற்கவில்லை. சண்முகத்தாய் அத்தை கொசுவத்தைச் செருகச் செருக, பட்டு வழுக்கி மார்பிள் தரையில் விழுந்தது. கடைசியில் ஊக்கு குத்தினாள். குத்திய இடத்தில் சாறு கசிந்தது.

பக்கத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் லிங்கராஜ் கிடந்தான். நேற்றுக் கயத்தாறு தாண்டிக் கார் கவிழ்ந்ததில் போய்விட்டான். கட்டைப் பிரமச்சாரியாக அனுப்பக் கூடாதாம். வாழைக்குத் தாலி கட்டித்தான் தூக்க வேண்டுமாம். உப்பு ஏற்றுமதியும் கப்பல் ஏஜென்சியும் நடத்துகிற வீட்டில் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்ததோ என்று, பிளஸ் டூ படிக்கும் தங்கை உமாராணிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலைவிடப் பயம். ஏசிக் காற்றில் வாழை இலை மெல்ல அசைந்து பெட்டிப் பக்கம் திரும்பியது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சுவரிலிருந்த கேமரா திரையில், கேட்டுக்கு வெளியே ஜெமி நின்றாள். ஆவணியில் லிங்கராஜ் அவள் கழுத்தில் முதல் முடிச்சுப் போட, நாத்தனாராக மற்ற இரண்டையும் போட்டது உமாராணிதான். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. இப்போது வாய் திறக்காவிட்டால் ஜெமி அவன் முகத்தைப் பார்க்காமலே போவாள்.

பெட்டியைத் திறந்தார்கள். அப்பா பாண்டியராஜன் மஞ்சள் கயிற்றை மகனின் விறைத்த விரல்களில் தொட்டெடுத்து, வாழையைச் சுற்றி முதல் முடிச்சுப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு குலவை!

"ஏளா உமா, மிச்ச முடிச்ச நீ போடு," என்றாள் அத்தை.

உமாராணி அப்பாவின் காதருகே போனாள்.

"அப்பா, அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிட்டு. அந்த ஜெமி வெளிய நிக்கா. நாந்தான் முடிச்சு போட்டேன்."

அவர் திடுக்கிடவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்," என்றார். "அதுக்குத்தான் இது. ஊரு பாக்க இதக் கட்டிட்டா, அது இல்லன்னு ஆயிரும்லா. போடு."

பாவி மனுசன், செத்த பிள்ளையையும் விடவில்லையே! உமாராணி கயிற்றின் இரு நுனிகளையும் பிடித்தாள். அப்பா போட்ட முடிச்சை அவிழ்த்தாள். குலவை பாதியில் நின்றது.

யாரும் தடுக்குமுன் வாசலுக்கு ஓடினாள். வாட்ச்மேன் தயங்கி நிற்க, தானே கேட்டின் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"மைனி, உள்ள வாங்க," என்றாள் முறை சொல்லி, ஹாலுக்கே கேட்கும்படி.

ஜெமி படியேறி வந்து, அந்த வீட்டாரின் செருப்புகளோடு தன் செருப்பையும் கழற்றிவிட்டாள்.