தெப்பத்துக்கிட்ட லோடு

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு நல்லதா கெட்டதா என்று விருதுநகரில் இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. 2009 ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த பாகங்களே பழசாகிவிட்டன. ஜாபர் சாதிக்கின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, "என்ன இருந்தாலும் அந்தப் பழைய பாகம் மாதிரி வருமா மாப்ளே" என்று இருபத்தைந்து வயது ஆட்கள் கிழவர்களைப் போலப் பெருமூச்சு விடுவது நசிமாவின் காதில் விழும். கடை நடத்தும் அண்ணனுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோகிறவள், கேரியரை மேசையில் வைத்த கையோடு திரும்பிவிடுவாள். அந்த விளையாட்டைப் பற்றி அவளுக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் அதைச் சொல்லப் போனால் கீர்த்திகா என்ற பெயரையும் சொல்ல வேண்டிவரும். அந்தப் பெயரை அவள் ஒரு தடவை சொன்னதே போதும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊர் அதை வைத்து இரண்டுபட்டுக் கிடந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெரிய நகரம் விரியும். கடற்கரை, பாலம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் உண்டு. அதில் நம் ஆள் ஒருவன் நடப்பான். எந்தக் காரை வேண்டுமானாலும் மறித்து, ஓட்டுகிறவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். சுடலாம், கொளுத்தலாம். ஒன்றுமே செய்யாமல் கடற்கரை ரோட்டில் பாட்டுக் கேட்டபடி சும்மா வண்டி ஓட்டவும் செய்யலாம். கெட்டது என்றவர்கள் முதலாவதைச் சொன்னார்கள், நல்லது என்றவர்கள் கடைசியைச் சொன்னார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வெளியே இதே பேச்சு. "கடைவீதியில சுத்தி வம்பை வாங்குறதுக்கு, பயக அங்கன உக்காந்து கெடக்கட்டுமே" என்று பருப்பு வியாபாரிகள் சிலர் பரிந்து பேசினார்கள். ஒரு வாத்தியார் ஜாபர் சாதிக்கின் கடைக்குள் வந்து நின்று, "இது கடையா, கொலைகாரப் பட்டறையா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஜமாத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஜாபர் சாதிக் எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் அதை அழித்துவிட்டார்.

நசிமா கெட்டது என்ற கட்சி. அவளுடைய ஒரே மகன் தவுபிக் பகலில் மிளகாய் மண்டியில் பில் போட்டான், சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனான். மிச்ச நேரமெல்லாம் மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் அந்த நகரத்திலேயே குடியிருந்தான். அத்தா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, துப்பாக்கியும் கையுமாக ஒருவன் பின்னாலேயே சுற்றுகிறானே என்று அவளுக்குப் பயம்.

"அதுல போலீசு பிடிச்சா என்னலே பண்ணுவே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பிடிச்சா என்ன? கையில இருக்கதைப் பிடுங்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல விட்டுருவான். அம்புட்டுத்தாம்மா. அடுத்த நிமிசமே எப்பவும்போல நடந்து போகலாம். ஊரு எல்லாத்தையும் மறந்துரும்" என்று சிரித்தான்.

அவன் தனியாக விளையாடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கிளாஸில் கீர்த்திகா என்று ஒரு பெண். அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் சீனிவாசகத்தின் மகள். கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவளும் அதே விளையாட்டை ஏற்றி வைத்திருந்தாள். இவன் விட்ட இடத்திலிருந்து அவள் தொடருவாள், அவள் விட்ட இடத்திலிருந்து இவன். ஆட்டம் நின்ற இடம் ஒரு ஃப்ளாப்பியில் ஏறி இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்தது. வெளிநாட்டு நகரத்தின் தெருப்பெயர்கள் வாயில் நுழையாததால், எல்லாவற்றுக்கும் நம்மூர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளத்துக்கு ஊர்த் தெப்பக்குளத்தின் பெயர், தெப்பம். கடல் வந்து கௌசிகா ஆறு, எப்போதும் வறண்டு கிடக்கும் அதில் தண்ணீர் ஓடிப் பார்க்கட்டுமே என்ற ஆசையில். ஏரி வெம்பக்கோட்டை அணை. துப்பாக்கியும் வெடியும் ஏற்றிய லாரிக்கு லோடு என்று பெயர், பட்டாசுக் கம்பெனிக்காரி வேறென்ன வைப்பாள்? அந்த வருஷப் பெருநாளைக்குக் கிளாஸ் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வந்தபோது கீர்த்திகாவும் வந்தாள். "இன்னும் கொஞ்சம் தாளிச்சா ஊத்துங்கம்மா" என்று பிரியாணித் தட்டை நீட்டிக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பெண். நசிமாவுக்கு அவளைப் பிடித்திருந்தது. விளையாட்டைத்தான் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை, தவுபிக் குளிக்கப் போன நேரம் பார்த்து, கம்ப்யூட்டரிலிருந்து அந்த சிடியை உருவினாள். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, சட்டி தேய்க்கிற மாதிரி நன்றாகத் தேய்த்துக் கழுவி, விளக்கிய பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தாள். வந்து பார்த்தவன் கோபப்படக்கூட இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டான்.

போகிற வழியில் டெலிபோன் பூத்தில் ஏறி கீர்த்திகாவைக் கூப்பிட்டான். தன்னால் இனிமேல் விளையாட முடியாது, ஃப்ளாப்பி அவளிடம் இருக்கிறது, மிச்சத்தை அவளே முடிக்கட்டும். இதைத்தான் சொல்ல வேண்டும். அவன் சொன்னது இப்படி: "வீட்டுல மாட்டிக்கிட்டேன். இனிமே எல்லாம் ஒங்கையிலதான். லோடு ரெடியா தெப்பத்துக்கிட்ட நிக்குது. நாளைக்குள்ள ஸ்டேஷனைக் கொளுத்திரு."

சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் அது. பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர்கள் பை பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூத்தில் தன் முறைக்காக நின்றிருந்தவர் யாரோ, நேரே ஸ்டேஷனுக்குப் போனார். மத்தியானத்துக்குள் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தவுபிக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நசிமாவும் ஜாபர் சாதிக்கும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் அய்யாதுரை சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பூத்துல நம்பர் ஏறியிருக்கும்மா. பட்டாசுக் கம்பெனி நம்பர். வெடிமருந்து இருக்க எடத்துக்குப் போன் போட்டு, லோடு ரெடி, ஸ்டேஷனைக் கொளுத்துங்கிறான் ஒம் மகன். என்ன லோடுன்னு கேட்டா மொளகா லோடுங்கிறான். மொளகாயை வச்சா ஸ்டேஷனைக் கொளுத்துவாக?"

"அது வெளையாட்டு சார். கம்ப்யூட்டர்ல வெளையாடுறது."

"சரி. யாரு கூட வெளையாண்டான்? போன்ல யாருன்னு அதையும் சொல்ல மாட்டேங்கிறானே. அந்த வெளையாட்டையாவது கொண்டாந்து காட்டுங்க. நாளைக்குக் காலையில மதுரையில இருந்து ஸ்பெஷல் போலீசு வர்றாங்க. கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னா என் கையில ஒண்ணுமில்ல."

மகனை ஒரு நிமிஷம் பார்க்க விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. அருகே வந்த அம்மாவிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அவ பேரு மட்டும் வெளிய வரக் கூடாதும்மா. அவங்க வீட்டைப் பத்தி ஒனக்குத் தெரியாது. ஒன் கால்ல வேணாலும் விழுறேன்."

முதலாளி மகள் ஒரு துலுக்க வீட்டுப் பையனோடு போனில் பேசினாள் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும். விளையாட்டைத்தான் பேசினார்கள் என்று எந்தச் சாதிசனம் நம்பும்?

அப்புறம் அவள் அலைந்த அலைச்சலுக்கு அளவில்லை. வீட்டில் சிடி அவள் தேய்த்த தேய்ப்பில் கீறல் கீறலாகக் கிடந்தது, அது இல்லாமல் ஆட்டம் திறக்காது. அண்ணன் கடைக் கம்ப்யூட்டர்கள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. அதை விழுந்து விழுந்து விளையாடிய பையன்களின் வீடுகளுக்கெல்லாம் போனாள். தவுபிக்கைப் பிடித்துப் போன செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. "அப்படி ஒரு கேம் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார்கள். அவர்களைப் பெற்றவர்கள் கதவை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. ஆறு மாதமாக அதைப் பற்றிக் கூச்சல் போட்ட ஊரில், அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் இல்லை. நசிமாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தெருவையே கொளுத்தியிருப்பாள்.

மிச்சம் ஒரே இடம். சாத்தூர் போய் பஸ் மாறி அச்சங்குளத்தில் இறங்கினாள். கம்பெனி ஆபீஸ் அறையில் சீனிவாசகம் தீபாவளி சீசன் ஆர்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில், கம்ப்யூட்டர் முன்னால், கீர்த்திகா.

"வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக, கலர் குடிங்க" என்று சோடா பாட்டிலை நகர்த்தினார் சீனிவாசகம். மகன் விஷயத்தைச் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. "எனக்கும் ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சும்மா. சீசன் நேரம், ஒரு நாளைக்கு நூறு பேரு கூப்பிடுதான். எவன் என்ன பேசுனான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க மகனை எங்க கம்பெனியில யாருக்கும் தெரியாது. இதுல எங்களை இழுத்தீகன்னா லைசென்ஸ் போயிரும்."

கீர்த்திகா திரும்பவே இல்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் நின்றுவிட்டன. நசிமா எழுந்தாள். வேண்டுமென்றே குடையை நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே நடந்தாள். அவள் நினைத்தபடியே கேட்டுக்குப் பக்கத்தில் வரும்போது, குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"அந்த வெளையாட்டை மட்டும் குடு தாயி. ஒம் பேரு வராம நான் பாத்துக்கிறேன்."

"அழிச்சிட்டேம்மா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "போலீஸ் போன் வந்ததுமே பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஃப்ளாப்பியை ஒடச்சுக் கெணத்துல போட்டுட்டேன். தவுபிக்கை அடிச்சாங்களாம்மா?"

"நாளைக்கு மதுரைக்குக் கொண்டு போயிருவாங்களாம். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

கீர்த்திகா நசிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சின்னையா மகளுக்கு ஒரு போன்காலுக்காக என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்மா. எங்க வீட்டுல உசுரோட விட மாட்டாக. எம் பேரை மட்டும் சொல்லிராதீக."

நசிமா அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தாள். "சொல்ல மாட்டேன் தாயி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதும் அதே முடிவோடுதான் வந்தாள்.

ஸ்டேஷன் முன்னால் மதுரைப் பதிவெண்ணோடு ஒரு வேன் நின்றது. காலையில் வரவேண்டியவர்கள் அன்றைக்கே வந்துவிட்டார்கள். ஜன்னல்களில் கம்பிவலை. டிரைவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே யாரோ தவுபிக்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நசிமா எதையும் யோசிக்கவில்லை. படியேறி அய்யாதுரையின் மேசையைப் பிடித்துக்கொண்டு, "அச்சங்குளத்து முதலாளி மக சார். கீர்த்திகா. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள்.

ராத்திரி எட்டு மணிவாக்கில் சீனிவாசகத்தின் கார் வந்தது. பெண்ணை ஓர் அறையிலும் தவுபிக்கை இன்னோர் அறையிலும் வைத்துத் தனித்தனியாகக் கேட்டார்கள். பெயர் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அவனும் மறைக்கவில்லை. கதவுகள் திறந்தே இருந்ததால் வராந்தாவில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"தெப்பம்னா?"

"ஹோட்டலுக்குப் பின்னால இருக்க நீச்சல் குளம் சார்."

"கௌசிகா ஆறு?"

"கடல் சார்."

இரண்டு அறையிலும் ஒரே பதில். ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க ஸ்டேஷன் ஒங்களை என்னம்மா பண்ணுச்சு, அதை எதுக்குக் கொளுத்தணும்?" என்று அய்யாதுரை கேட்டார்.

"கொளுத்துனாத்தான் அடுத்த பாலம் தெறக்கும் சார்" என்றாள் கீர்த்திகா. அவள் குரலில் நடுக்கம் இல்லை. இனிப் பயந்து பயனில்லை என்று தெரிந்தவளின் குரல்.

மதுரைக்காரர்கள் அலுத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். சீனிவாசகம் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். மகளைப் பார்த்து "வா" என்றார், அவ்வளவுதான். முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவளுக்கு இப்போது பின் கதவைத் திறந்துவிட்டார். வராந்தாவைக் கடக்கும்போது கீர்த்திகா நசிமாவைப் பார்த்தாள். நசிமாவால் தலையைத் தூக்க முடியவில்லை.

தவுபிக்கிடம் பெல்ட்டையும் கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். வாசல் படியில் வந்து நின்றவன், கார் போன திக்கையே பார்த்தான். நசிமா அவன் கையைப் பிடித்தாள்.

"வாலே, வீட்டுக்குப் போவோம். அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு."

அவன் கையை உருவிக்கொண்டான்.

"என்னை வாசல்ல விட்டுட்டாங்க. சரி. அவளை எந்த வாசல்லம்மா விடுவாங்க?"

தவுபிக் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். வாரம் தவறாமல் போன் செய்கிறான், மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அந்தக் கேள்வியை மட்டும் அவன் திரும்பக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைத் தூரத்தில் எங்கோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, அப்படி இல்லை என்று இன்னொரு பேச்சு. அந்த வருஷத் தீபாவளி முடிந்ததும் மனசு தாங்காமல் நசிமா ஒருமுறை அச்சங்குளம் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீனிவாசகம் நசிமாவை அடையாளம் கண்டுகொண்டு, முன்பு போலவே மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"ஒங்க மகளைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க."

"மகளா?" என்றார். "எனக்கு மக கிடையாதேம்மா. வெயில்ல வந்திருக்கீக, கலர் குடிங்க."