அடியோடு வெட்டிய மட்டை

ஆழ்வார்குறிச்சியில் கிழவர் சுடலைக்கண்ணுவின் தோப்பில் மூன்று தென்னைகள் தலை சாய்ந்ததற்குக் காரணம் பக்கத்துத் தோப்புக்காரர் கோமதிசங்கர்தான். கூன்வண்டு தின்ற தன் மரத்தை வெட்டியவர், தடியை எரிக்காமல் வேலியோரமே போட்டுவைத்தார். அதில் பொரித்த வண்டெல்லாம் வேலி தாண்டி வந்தது.

"அண்ணாச்சி, அதக் கீறித் தீ வச்சிருங்க" என்று போய்க் கேட்டதற்கு, "கிடக்கட்டும்வே. என் தோப்புலதான கிடக்கு, உமக்கு எங்க நோவுது?" என்றார்.

அன்றைக்கே கிழவர் சுடலைமாடனிடம் நேர்ந்துகொண்டார். "அவன் தோப்பு மொட்டையாகணும். உன் கோயில் கொடைப் பந்தலுக்கு மட்டை பூரா என் மரத்துல இருந்து தாரேன்."

சாமியை மட்டும் நம்பிச் சும்மா இருக்கிற ஆளில்லை அவர். வேளாண்மை ஆபீசில் வண்டுப்பொறி கொடுத்தார்கள். வாளிக்குள் தொங்கும் பொட்டலத்தின் வாசத்துக்கு வண்டு வரும். அடியில் ஊற்றிய மருந்துத் தண்ணீரில் விழுந்து சாகும். கிழவர் வாளியை வீட்டில் போட்டுவிட்டார். கோமதிசங்கர் பாளையங்கோட்டைக்குப் போன நாள் பார்த்து, பொட்டலத்தை மட்டும் அவர் தோப்பில் கட்டினார். உள்ளே நாய் கிடந்ததால் வேலியோர மரத்தில் கட்டியதோடு திரும்பவேண்டியதாயிற்று. வண்டு வரட்டும். சாகவேண்டாம்.

கொடைக்கு முந்தின வாரம் மரமேறும் முப்பிடாதி மட்டை வெட்ட ஏறினான்.

"பாட்டையா, பச்சை மட்டைய மூணடி விட்டுத்தான் வெட்டணும். ஒட்ட வெட்டினா அந்த வாசத்துக்கு வண்டு வந்து ஏறிரும்."

"ஏலே, ஆபீஸ்காரன் பேச்ச எங்கிட்டப் பேசாத. சாமிக்குக் குடுக்கதுல மிச்சம் வைக்கதா? அடியோட வெட்டுலே!"

ஏழு மரத்தில் வெட்டினான். பந்தல் குளுகுளுவென்று அமைந்தது. கோமதிசங்கரே வந்து அதன் நிழலில் உட்கார்ந்தார். கிழவர் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து முப்பிடாதி மரத்தில் காதை வைத்தான். "உள்ள நறநறன்னு கேக்குது பாட்டையா." வெட்டுவாயில் செம்பழுப்பாகச் சாறு வடிந்திருந்தது. பொட்டலம் வேலி வரைக்கும் கூப்பிட்டிருக்கிறது. அங்கிருந்து பச்சைவெட்டு கூப்பிட்டிருக்கிறது. ஏழும் போயிற்று. கோமதிசங்கருக்குப் போனது இரண்டே மரம்.

அந்த இரண்டையும் அவர் இந்த முறை உடனே கீறி எரித்துவிட்டு, வேலியோரம் வந்து நின்றார். இந்தப் பக்கம் ஏழு தடிகள் கிடந்தன.

"நீரும் எரிச்சிரும்வே. மண்ணெண்ணெய் நான் தாரேன். இல்லன்னா உம்ம மிச்ச நாலு மரமும் நிக்காது."

"உங்க தோப்புல எத்தன நிக்கி?"

"நாப்பது இருக்கும்."

கிழவர் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு பீடியைப் பற்றவைத்தார். குச்சியை ஊதி அணைத்து, காலால் தேய்த்தார்.

"கிடக்கட்டும் அண்ணாச்சி. என் தோப்புலதான கிடக்கு."