தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மண்டபம் அகதிகள் முகாம் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் முருகலட்சுமிக்கு வாய் கொஞ்சம் நீளம். ராமநாதபுரத்தில் விசாரணை நடந்த அலுவலக அறைக்குள் நுழைந்ததுமே அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

"இவ எம்புள்ள மேடம். மொறத்துல தவிடு குடுத்து வாங்குனேன். முகாமே பாத்துச்சு," என்றாள், பக்கத்தில் நின்ற சிறுமியைக் காட்டி.

சென்னையிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "வாங்குனீங்களா?"

அந்த அதிகாரியைக் குறை சொல்லவும் முடியாது. தவிட்டையே பார்த்திருக்க மாட்டார். முகாமில் இருந்த செல்வநாயகிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாவது தங்கட்டும் என்று, எமன் கண்ணில் மண்ணைத் தூவ, இந்தக் கடைக்காரியிடம் தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை அவள் மடியில் போட்டாள். வீட்டுக்குப் போகும்போது திரும்பத் தூக்கிக்கொண்டும் போனாள். ஊரறிந்த வழக்கம்தான். அந்தப் பிள்ளை டிலக்ஷனாவுக்கு இரண்டு வயதானபோது, ஆறே மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று முருகலட்சுமியிடம் விட்டுவிட்டுச் செல்வநாயகி பிரான்சுக்குப் போனாள். ஏழு வருடம் ஓடிவிட்டது. இப்போது தூதரகம் வழியாகப் பிள்ளையைக் கேட்கிறாள். டெல்லி பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த விசாரணை.

"குழந்தைய விலைக்கு வாங்குனா போலீஸ் கேஸும்மா. அது முடியற வரைக்கும் குழந்தை காப்பகத்துலதான் இருக்கணும்," என்றார் அதிகாரி. குரலில் கோபமே இல்லை.

மேசைமேல் இருந்த செல்போனில், பிரான்சிலிருந்து வீடியோ அழைப்பில் வந்திருந்த செல்வநாயகியின் முகம் பதறியது. "அவவ ஒண்டும் செய்யாதேங்கோ மேடம். அது சும்மா சடங்கு. பிள்ளையப் பாக்கச் சொல்லித்தான் விட்டனான்."

காய்ச்சலுக்கும் சளிக்கும் கண்முழித்தது நான், இவளுக்கு எல்லாம் சும்மாவா என்று முருகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் பொய்யில்லை. தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்பதும் புரிந்தது.

"நீங்க சொல்லுங்க. நெஜமா வாங்குனீங்களா, சும்மா சடங்கா?" என்று அதிகாரி முருகலட்சுமியிடம் திரும்பினார்.

வாங்கினேன் என்றால் பிள்ளைக்குக் காப்பகம். சடங்கு என்றால் பெற்றவளிடம் போய்விடும்.

"சடங்குதான் மேடம். நான் அம்மால்லாம் இல்ல. பாத்துக்கிட்டேன், அம்புட்டுத்தான்," என்றாள் முருகலட்சுமி.

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற டிலக்ஷனா கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப இனிமே நான் உங்கள எப்புடிக் கூப்புடணும்?" என்று கேட்டாள்.